தேர் நிற்காத வாசலும் மேல் டிவிசன் அரசியலமைப்பும்

மார்ச் 2, ஞாயிறு

காலையில் பனி. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தால் முன்சக்கரம் தெரியவில்லை. இருக்கிறதா என்று இறங்கிப் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். பதினோரு மணிக்குப் பிறகு வெயில். கொட்டகலைக்கு ஒரு ஹயர் ஓட்டம், டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு ஒன்று.

செய்ய வேண்டியவை: பிரேக் கேபிள். பாக்கியத்துக்கு இருமல் மருந்து. வரலாற்றில் இடம்பிடித்தல்.

மூன்றாவது வேலை மாலையே தொடங்கிவிட்டது. மாரியம்மன் கோயில் வாசலில் திருவிழாக் கூட்டம். தலைமை அடியேன். இதுவரை மூன்று முறை கோயில் கமிட்டித் தலைவர். நாலாவது முறைக்கும் எனக்கு எதிராக நிற்க இந்த மலைநாட்டில் இன்னும் ஒருவன் பிறக்கவில்லை. மாரிமுத்து (இனி மா.மு.) பிறந்திருக்கிறான்தான், ஆனால் சரியாகப் பிறக்கவில்லை.

தேர்ப் பாதை பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனில் காலகாலமாக ஒரே சட்டம். லயத்து வரிசை வீடுகளில் ஒரு காம்பராவுக்கு ஒரு ஓட்டு, அதை அந்த வீட்டு ஆம்பளை போட வேண்டும். ஓட்டு உள்ள வாசலில் தேர் நிற்கும், அந்த ஆம்பளையின் பெயர் நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை நடக்கும். ஆம்பளை இல்லாத வாசலைத் தேர் தாண்டிப் போகும்.

கடைசிக் காம்பரா சரோஜா மணித்தூண் பக்கத்தில் நின்றிருந்தாள். புருஷன் ராமையா இறந்து வருஷத் திவசமும் முடிந்துவிட்டது. ஒரே மகள், கொழும்பில் வேலை. திடீரென்று கேட்டாள்.

"அண்ணே, இந்த வருஷமாச்சும் தேரு எங்க வாசல்ல நிக்குமா?"

"வழக்கம்னு ஒண்ணு இருக்குல்லம்மா."

"வழக்கம்னு சொல்றீங்களே, அவரு எந்தக் காம்பராவுல இருக்காரு? நானே போயி கேட்டுக்கிறேன்."

சனம் சிரித்தது. என் கூட்டத்தில் என்னைத் தவிர வேறொருவர் சொன்னதற்குச் சனம் சிரித்தது இதுதான் முதல் முறை. வாய்ப்பை விடுவானா மா.மு.?

"அதானே தலைவரே. வழக்கம் வழக்கம்ங்கிறீங்க, எங்கயாச்சும் எழுதி வச்சிருக்கா?"

என் நாக்கு, எப்போதும் போல, எனக்கு முன்னால் புறப்பட்டுவிட்டது. "எழுதுறேன்யா! நாட்டுக்கு ஒரு அரசியலமைப்பு இருக்கிற மாதிரி இந்த மேல் டிவிசனுக்கும் ஒண்ணு எழுதுறேன். உலகமே வந்து பாக்கும்!"

கைதட்டல். மலை அதிர்ந்து லிந்துலைப் பக்கம் நாலு கல் உருண்டிருக்கும்.

வீட்டில் என் சம்சாரம் பாக்கியம், "அவ கேட்டதுக்குப் பதில் தெரியாம புத்தகம் எழுதப் போறீங்களாக்கும்."

"பெரிய கேள்விக்குப் பெரிய புத்தகம்."

"சின்னக் கேள்விதானே கேட்டா. நிக்குமா, நிக்காதா."

மீன் குழம்பு. உப்பு கூட. இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்தேன்.

மார்ச் 4, செவ்வாய்

தூறல். பிரேக் கேபிள் மாற்றியாயிற்று. இருமல் மருந்து மறந்தாயிற்று.

கொட்டகலை. அக்கா மகள் கௌரி அங்கே பள்ளிக்கூடத்தில் குடியியல் படிப்பிக்கிறாள். நாட்டின் அரசியலமைப்பு அவளிடம் இருந்தது. தடித்த புத்தகம், தமிழில். பள்ளிக்கூடச் சொத்து, பிரதி எடுத்துக்கொண்டு திருப்பித் தர வேண்டுமாம்.

"எதுக்கு மாமா?"

"அரசு அமைக்க."

"யாரு, நீங்களா? எந்த நாட்டுல?"

"மேல் டிவிசன்ல."

சிரித்தாள். சிரித்துவிட்டு, "முதல்ல மூணாவது உறுப்புரைய வாசிங்க. இறைமை மக்கள்கிட்ட இருக்குன்னு இருக்கும். ராஜாகிட்ட இல்ல, தலைவர்கிட்டயும் இல்ல" என்றாள். இந்தக் காலத்து ஆசிரியைகளுக்கு மரியாதை குறைவு.

பஸாரில் நானா கடையில் போட்டோகொப்பி. "என்ன தலைவர், நாட்டப் புடிக்கப் போறீங்களா?" என்றார் நானா. புத்தகத்தை விட்டுவிட்டுப் போங்கள், மாலையில் தருகிறேன் என்றார். விட்டேன். மாலையில் போனபோது மேலும் ஒரு தகவல் சொன்னார். மா.மு.வும் வந்தானாம், அதிலே ஒரு பிரதி தனக்கும் எடுத்துக்கொண்டு போனானாம்.

எதிர்க்கட்சியும் படிக்க ஆரம்பித்துவிட்டது. இதெல்லாம் என் ஆட்சியில் கல்வி பரவுவதன் அடையாளம்.

மார்ச் 6, வியாழன்

ஸ்டாண்டில் ஹயர் இல்லை. பின்சீட்டில் கால் நீட்டி வாசிப்பு. பக்கத்து ஆட்டோக்காரன்: "என்னண்ணே, கேஸா?" "ஆமா. நாட்டுக்கும் எனக்கும்."

வாசித்ததில் விளங்கியது. அதிகாரத்தை ஒருவன் கையில் மொத்தமாகக் கொடுக்காமல் கொழுக்கட்டை மாதிரிப் பிட்டு வைத்திருக்கிறார்கள். சட்டம் போடுவது பாராளுமன்றம். நடத்துவது ஜனாதிபதியும் அமைச்சர்களும். தப்பு நடந்தால் தீர்ப்புச் சொல்வது நீதிமன்றம். ஒருவர் சட்டையை மற்றவர் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், யாரும் ஓடிவிடக் கூடாது.

இங்கே? சட்டம் போடுவது நான். நடத்துவது நான். விடியற்காலைக் கோயில் ஸ்பீக்கர் சத்தம் தாங்கவில்லை என்று போன வருஷம் பெண்கள் என்மேல் புகார் சொன்னபோது விசாரித்ததும் நான். மிகவும் நேர்மையாக விசாரித்து என்னை விடுதலை செய்தேன்.

ஆகவே நீதித்துறை ஒன்று தேவை. யாரைப் போடுவது? பூசாரி என்றால் பயம், எல்லாருக்கும் தலையாட்டுவார். மா.மு.வின் அண்ணன் என்றால் மா.மு.வின் அண்ணன். யோசித்து யோசித்து, கடைசியில் ஞானம் பிறந்தது. அந்தோனி ஐயா! பழைய மருந்துக்கலவையாளர், தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்து ஓய்வுபெற்றவர், ஞாயிறு தவறாமல் மாதா கோயில். எங்கள் அம்மன் கோயில் சண்டையில் அவருக்குக் கால் காசு அக்கறை கிடையாது. சுயாதீன நீதித்துறை என்றால் இதுவல்லவா!

போய்க் கேட்டேன். "சம்பளம் உண்டா?" "பொங்கல் உண்டு." "முந்திரி போட்டதா?" "போட்டது." ஒத்துக்கொண்டார்.

பா.வுக்கு இருமல் மருந்து வாங்கியாயிற்று.

மார்ச் 8, சனி

நல்ல வெயில். பாக்கியம் கம்பளியை வெளியே போட்டாள்.

கௌரி வந்தாள். நான் சொல்ல, அவள் எழுத்து. அவளுக்கு முத்து முத்தான கையெழுத்து, என் கையெழுத்து கொழுந்து வெட்டின செடி. முகவுரை மட்டும் என் சொந்தப் படைப்பு: "பனியையும் மழையையும் அட்டைக்கடியையும் வென்ற மேல் டிவிசன் மக்களாகிய நாம்…" கௌரி அட்டையை எடுத்துவிடச் சொன்னாள். மறுத்தேன். நாங்கள் வென்றவற்றில் அதுதான் கஷ்டமானது.

பிறகு ஜனாதிபதி அத்தியாயம். அடடா, என்ன தமிழ்! அதிகாரங்களை வாசிக்க வாசிக்க எனக்குப் பின்னால் யாரோ சாமரம் வீசுவது மாதிரி இருந்தது. "ஜனாதிபதிங்கிற இடத்துல எல்லாம் தலைவர்னு போட்டு, இந்த அத்தியாயத்த அப்படியே எழுது" என்றேன்.

"அப்படியேவா மாமா? எல்லாமா?"

"ஒரு எழுத்து விடாத."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். எழுதினாள். நான் தேநீர் போடப் போனேன்.

அடுத்தது அடிப்படை உரிமைகள். பன்னிரண்டாவது உறுப்புரை. சட்டத்தின் முன் எல்லாரும் சமம். இனம், மதம், மொழி, சாதி, பால் என்று எதை வைத்தும் பாரபட்சம் காட்டக் கூடாது. பால் என்றால் ஆண் பெண். அங்கே வந்ததும் சொன்னேன், "இத மட்டும் விட்டுட்டு அடுத்ததுக்குப் போ."

"ஏன் மாமா?"

"தொல்லை. பொம்பளைங்களுக்கு ஓட்டுன்னா அத்தனை ஆம்பளையும் எம்மேல பாய்வான். பொம்பளைங்களும் எனக்குப் போட மாட்டாங்க. ஸ்பீக்கர்."

பேனாவை மூடி வைத்துவிட்டாள். "அத விட்டுட்டா இது அரசியலமைப்பு இல்ல மாமா. உங்க விசிட்டிங் கார்டு."

பாக்கியம் உள்ளேயிருந்து இருமினாள். மருந்து குடித்த இருமல் இல்லை, என் பக்கம் பார்த்து இருமுகிற இருமல்.

சரி, கூட்டத்தில் ஓட்டுக்கு விடுவோம், பெண்களுக்கு உரிமை வேண்டுமா வேண்டாமா என்று ஆம்பளைகளே முடிவு செய்யட்டும் என்றேன். கௌரி சொன்னாள்: "கோழிக்கு உசிரு வேணுமான்னு கறிக்கடையில ஓட்டெடுக்கிற மாதிரி. கூட்டம் பெருசுங்கிறதுக்காகச் சின்னவங்க வாசல மூடக் கூடாதுன்னுதான் உரிமைய இப்படித் தனியா பூட்டி வச்சிருக்காங்க. தப்பு நடந்தா ஒரு தனி ஆளு, ஒரே ஆளு, உயர் நீதிமன்றத்துக்கே போகலாம்."

போய்விட்டாள். பாதிப் பக்கம் வெறுமையாக மேசையில்.

அதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது அப்பாவின் ஞாபகம். வேண்டுமென்று நினைக்கவில்லை. இந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்த கையோடு தோட்டத்துச் சனத்துக்குக் குடியுரிமை இல்லை என்று ஆக்கினார்கள், ஓட்டும் போயிற்று. அப்பா மலையில் முள்ளுக் குத்தி மண் கிளறினார், தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டினார், தண்ணீர் ஓடக் கான் வெட்டினார். தேர்தல் நாளில் வாக்குச்சாவடியைத் தாண்டி வேலைக்குப் போவார். "நமக்கு அங்க வேலை இல்லப்பா" என்பார், சிரித்துக்கொண்டே. ஓட்டுச் சீட்டு என்ன நிறம் என்று தெரியாமலே செத்தார். எனக்கு முதல் ஓட்டு கிடைத்த அன்று நான் சுண்டுவிரல் மையை ஒரு வாரம் கழுவவில்லை. கல்யாண வீட்டில் அந்த விரலை மட்டும் நீட்டிச் சாப்பிட்டேன்.

"நமக்கு அங்க வேலை இல்ல." சரோஜாவிடம் நானும் அதைத்தானே சொன்னேன்.

என் கையெழுத்திலேயே எழுதி வைத்தேன், பன்னிரண்டாவதை. கோணல்தான். பரவாயில்லை. அதற்குக் கீழே: பதினெட்டு வயசான எல்லாருக்கும் ஓட்டு, காம்பராவுக்கு இல்லை, ஆளுக்கு. எல்லார் வாசலிலும் தேர் நிற்கும்.

மார்ச் 9, ஞாயிறு

பா. மேசையைத் துடைக்கும்போது அந்தப் பக்கத்தை வாசித்திருக்கிறாள். மத்தியானம் இரண்டு முட்டை பொரியல்.

மார்ச் 16, ஞாயிறு

வரலாறு கண்டிராத நாள். மழை வரும் போலிருந்து, என்ன நடக்கிறது என்று பார்க்க நின்றுவிட்டது.

கோயில் வாசல் நிறையச் சனம். ஆம்பளைகள் பாயில், பெண்கள் மணித்தூண் ஓரம் நின்றபடி. அந்தோனி ஐயா நாற்காலியில், கோட் போட்டு. நீதித்துறை இவ்வளவு அழகாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நான் வாசித்தேன். என் குரல் அட்டன் டவுன் வரைக்கும் கேட்டிருக்கும். ஸ்பீக்கர் போட்டிருந்தேன். பன்னிரண்டாவது வந்ததும் முணுமுணுப்பு. தேர் வடம் பிடிப்பதில் மூத்தவரான கந்தசாமி அண்ணன், "என்னய்யா இது, பொம்பளைங்க எல்லாம் ஓட்டுப் போட்டா சோறு யாரு ஆக்குறது?" என்றார். அவர் சம்சாரம் மணித்தூண் ஓரத்திலிருந்து, "ஓட்டுப் போட ஒரு நிமிசம் போதும், சோறு ஆக்கிட்டே வந்துருவேன். நீங்கதான் திங்கிறதுக்கு ஒரு மணி நேரம்" என்றார்.

எதிர்பாராத ஆதரவு மா.மு.விடமிருந்து. எழுந்து நின்று கை உயர்த்தினான். "சமத்துவம் வேணும்! தலைவர் எழுதுனத ஒரு எழுத்து மாத்தாம முழுசா ஏத்துக்குவோம்!" அவன் ஆட்கள் எல்லாரும் கை. என் ஆட்கள் நான் எழுதினதாயிற்றே என்று கை. கந்தசாமி அண்ணனும் சம்சாரத்தைப் பார்த்துவிட்டு அரைக் கை. நிறைவேறியது.

எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. மா.மு.வைக் கட்டிப்பிடிக்கப் போனேன்.

கட்டிப்பிடித்தபடியே அவன் சொன்னான், மைக்கில்: "தலைவரே, உங்க அத்தியாயத்துல ரெண்டு தடவை தலைவரா தெரிவானவங்க திரும்ப நிக்க முடியாதுன்னு போட்டிருக்கீங்களே. பெரிய மனசு. நீங்க மூணு தடவை இருந்துட்டீங்க."

பேப்பரைப் பிடுங்கிப் பார்த்தேன். இருக்கிறது. கௌரியின் முத்து முத்தான கையெழுத்தில். நாட்டு ஜனாதிபதிக்கே அப்படித்தானாம், இரண்டு தடவைதானாம். அதிகாரங்களில் மயங்கி நான் தேநீர் போடப் போன இடம் அது.

"திருத்தம்!" என்று கத்தினேன்.

அந்தோனி ஐயா தொண்டையைச் செருமினார். முதல் தீர்ப்பு. "திருத்தம் கொண்டுவரலாம். ஆனா மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும்னு நீங்களே எழுதியிருக்கீங்க. இப்ப ஓட்டுன்னா, அந்தப் பக்கமும் எண்ணணும்." மணித்தூண் பக்கம் கையைக் காட்டினார். பெண்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அத்தனை கண்ணிலும் ஸ்பீக்கர்.

கந்தசாமி அண்ணன் கிட்டே வந்து காதில் சொன்னார். "எதுக்குத் தம்பி வம்பு? பேப்பரக் கிழிச்சுப் போடு. இன்னும் யாரும் கையெழுத்து வைக்கல. பழைய வழக்கமே இருக்கட்டும், நீயே தலைவர். நம்ம ஆளுங்க சரின்னுருவாங்க." நிமிர்ந்து பார்த்தேன். நம் ஆட்கள் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

உண்மைதான். கிழித்தால் போதும். நாலாவது முறை. பரிவட்டம், முதல் மாலை, மைக்.

பேப்பர் என் கையில். சரோஜா மட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை, பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபம் இல்லை. கிழிக்கத்தான் போகிறான் என்று தெரிந்தவளின் முகம். அப்பா வாக்குச்சாவடியைத் தாண்டும்போது அந்த முகம்தான்.

பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்துக் கையெழுத்து வைத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு பெரிய கையெழுத்து வைத்ததில்லை, மூன்று வரி பிடித்தது. பேப்பரை அந்தோனி ஐயாவிடம் கொடுத்தேன்.

மைக்கில் அறிவித்தேன்: "சரித்திரத்திலேயே தான் எழுதுன சட்டத்தால தானே வீட்டுக்குப் போற முதல் தலைவர் நான்தான். கைதட்டுங்க."

தட்டினார்கள். பாக்கியம் தட்டியதையும் பார்த்தேன். அவள் பொதுவாகக் கொசுவுக்கு மட்டும்தான் தட்டுவாள்.

மார்ச் 17, திங்கள்

உடம்பெல்லாம் வலி. பதவி இறங்குவது மூட்டை தூக்குவது மாதிரி.

கௌரிக்கு போன். "தெரிஞ்சுக்கிட்டேதானே எழுதுன?" "எல்லாமான்னு ரெண்டு தடவை கேட்டேன் மாமா." ஒரு தடவைதான் கேட்டாள். என் வம்சம், ஊதிச் சொல்லத்தான் செய்யும்.

மார்ச் 22, சனி

தேர்தல் பிரசாரம். மா.மு. வீடு வீடாக ஓட்டுக் கேட்டுப் போகிறான். இந்த லயங்களில் இதுவரை யாரும் பெண்களிடம் ஓட்டுக் கேட்டதில்லை, எப்படிக் கேட்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. கொழுந்து பறித்த களைப்போடு வந்து இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்த சரோஜா முன்னால் போய் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நான் ஆட்டோ கழுவுகிற சாக்கில் கேட்டேன்.

"அக்கா, பாத்துப் போடுங்க."

"உக்காரு மாரிமுத்து. தேத்தண்ணி குடிக்கிறியா? நான் ஒண்ணு கேக்கணும். தண்ணிக் குழாய் ஏன் உங்க வாசல்ல மட்டும் விடிய விடிய ஓடுது?"

கால் மணி நேரம் விசாரணை. வெளியே வரும்போது அவனுக்கு வியர்வை. மார்ச் மாதக் குளிரில்! ஆட்டோவுக்கு இரண்டு தடவை தண்ணீர் ஊற்றினேன், சந்தோஷத்தில்.

மார்ச் 30, ஞாயிறு

தேர்தல். பள்ளிக்கூட வகுப்பறை. பெட்டி: பிஸ்கட் டின். வாக்கெடுப்பு மேற்பார்வை: அந்தோனி ஐயா, அதே கோட்.

மா.மு. தெரிவு. கொஞ்ச வித்தியாசத்தில்தான். எதிர்த்து நின்றது கந்தசாமி அண்ணனின் சம்சாரம்! அடுத்த தடவை அந்த அம்மாதான் என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

"நீ யாருக்குப் போட்ட?" என்று பாக்கியத்திடம் கேட்டேன்.

"ரகசிய வாக்கு. நீங்க எழுதுனதுதான்."

என் தமிழே என்னைத் துரத்துகிறது.

புதிய தலைவரின் முதல் ஆணை: ஸ்பீக்கர் காலை ஏழு மணிக்கு முன் கிடையாது. இரண்டாவது: முன்னாள் தலைவருக்குத் தேரில் ஒரு பொறுப்பு. சக்கரத்துக்குக் கட்டை போடுவது. இறக்கத்தில் தேரை நிறுத்துகிறவன். தேர்க்காலுக்குக் கீழே குனிந்து போகிற வேலை, சேறு முழங்கை வரை. பரிவட்டம் கிடையாது. ஒத்துக்கொண்டேன். நான் இல்லாவிட்டால் தேர் நேரே தலவாக்கலைக்குப் போய்விடும் என்று ஊருக்கு அறிவித்திருக்கிறேன்.

ஏப்ரல் 12, சனி

தேர். காலையிலிருந்து மழை விட்டு விட்டு. சட்டை முழுக்கச் சேறு, இப்போதும் காதில் கொஞ்சம்.

மேல் லயம், நடு லயம், வாசல் வாசலாக. ஒவ்வொரு வாசலிலும் கட்டை போட்டேன், எடுத்தேன். பெயர், நட்சத்திரம், கற்பூரம், நகர். இடுப்பு உடைந்து நாலு துண்டு.

கடைசிக் காம்பரா. அங்கே பாதை நல்ல இறக்கம், பழக்கத்தில் வடம் பிடித்தவர்கள் நிற்காமல் இழுத்துக்கொண்டே போகிறார்கள். கந்தசாமி அண்ணன் முன்னால். "நில்லுங்கய்யா!" என்று நான் போட்ட சத்தம் மேளத்தில் அடங்கிப்போயிற்று. உள்ளே பாய்ந்து இரண்டு பக்கமும் கட்டையைச் செருகினேன். தேர் ஒரு ஆட்டம் ஆடி, கிரீச்சென்று, நின்றது. சரியாக அவள் வாசலுக்கு நேரே. அம்மன் மாலையிலிருந்து பூ உதிர்ந்து என் மொட்டைத் தலையில்.

சரோஜா தட்டோடு நின்றிருந்தாள். மகளும் கொழும்பிலிருந்து வந்திருந்தாள். தட்டில் தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை எல்லாம் எப்போதோ அடுக்கி வைத்துவிட்டிருக்கிறாள், வெற்றிலை ஓரம் கொஞ்சம் வாடியிருந்தது.

பூசாரி தட்டை வாங்கி, பழக்கத்தில், "ராமையா…" என்று தொடங்கி நிறுத்திவிட்டார். "யார் பேருக்கும்மா?"

"என் பேருக்கு."

"நட்சத்திரம்?"

சரோஜா விழித்தாள். மகளைப் பார்த்தாள், மகள் அவளைப் பார்த்தாள். இத்தனை வருஷமும் புருஷன் நட்சத்திரம்தான் சொல்லிப் பழக்கம், அதற்கு முன்பு அப்பன் நட்சத்திரம். அவளுடையதை யாரும் கேட்டதில்லை.

வாசல் முழுக்கச் சத்தம். "ரோகிணியா இருக்கும்" என்றார் ஒருத்தர். "இவ வாயிக்குக் கேட்டைதான்" என்றாள் பாக்கியம். மா.மு. தலைவர் தோரணையில், "தெரியாட்டி சாமி பேருக்குப் பண்ணிருவோம், நேரமாகுது" என்றான்.

"நேரமாகட்டும்" என்றாள் சரோஜா. "சாமி பேருக்கு வேணாம். நட்சத்திரம் இல்லாமயே சொல்லுங்க சாமி, என் பேர. சத்தமா."

பூசாரி சொன்னார். மேளம் நின்றிருந்தது. நான் சக்கரத்துக்குக் கீழே, கட்டையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு. முடிந்துவிட்டது, எடு எடு என்று மா.மு. மேலேயிருந்து கத்தினான். கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. நான் எடுக்கவில்லை.